விலகிப் போகும் கல்லறைத் தோட்டம்

எங்கள் கோயிலின் கல்லறைத் தோட்டம் விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. தினமும் நாற்பது அடி.

போன ஞாயிற்றுக்கிழமை பூசையில் பங்குச் சாமியார் இதை அறிவித்தார். மூன்று கல்யாண அறிவிப்பு ஓலைகளை வாசித்துவிட்டு, அடுத்ததாக இதை வாசித்தார். "அவரவர் வீட்டு ஆட்களை அவரவர் கவனித்துக்கொள்ளவும்" என்று முடித்தார். பாடற்குழு அடுத்த பாட்டை எடுத்தது.

என் மனைவி பெலிசிற்றா அங்கே இருக்கிறாள். நான்கு வருடம் ஆகிறது. கோயிலின் தெற்குச் சுவரை ஒட்டி முதல் வரிசை, மணிக்கூண்டுக்கு நேர் கீழே. அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் அந்த இடத்தைக் கேட்டு வாங்கினேன். பூசை முடிந்து பக்கவாசல் வழியாக இறங்கினால் ஏழு தப்படி.

புதன்கிழமை ஐம்பத்தைந்து தப்படி. வியாழக்கிழமை பாதி வழியில் எண்ணிக்கை விட்டுப்போனது. பயந்தால் எனக்கு எண்கள் மறந்துவிடும்.

இடைவெளியில் புதிதாக நிலம் வந்திருந்தது. உடைமுள் மரங்கள், கொஞ்சம் உப்பளம், ஒரு பஸ் நிறுத்தம்.

வெள்ளிக்கிழமை காலை கோயிலின் பங்கு அலுவலகத்துக்குப் போனேன். குமாஸ்தா வியாகுலம் என்னோடு எட்டாம் வகுப்பு வரை படித்தவன். என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"என்ன வேணும்?"

"தோட்டத்த நிறுத்தணும்."

"மனு எழுதணும்."

மனுவில் ஒரே கேள்வி. கல்லறை ஏன் கோயிலை ஒட்டி இருக்க வேண்டும்? கீழே ஒரு கோடு. நான் பென்சிலால் 'வழக்கம்' என்று எழுதினேன். அவன் ரப்பரால் அழித்தான். 'எங்கும் அப்படித்தான்' என்று எழுதினேன். அதையும் அழித்தான். தாள் மெலிந்து, அதன் வழியாக அவன் விரல்கள் தெரிந்தன.

"இன்னும் ஒரு தடவதான் தாங்கும். தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுட்டு வாங்க. பன்னெண்டுக்குள்ள."

"பன்னெண்டுக்கு என்ன?"

"பன்னெண்டு மணிக்கு மணி அடிப்போம். இன்னைக்கு அது அங்க கேக்காது."

அவன் ஜன்னலைச் சாத்தினான்.

கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை லாசர்தான் மணி அடிப்பவர். மணிக்கூண்டின் அடியில் உட்கார்ந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டச் சுருட்டக் கயிறு வந்துகொண்டே இருந்தது.

"அண்ணாச்சி, கல்லறைய ஏன் கோயில் பக்கத்துல வச்சாங்க?"

"பீடத்துக்கு அடியில ஒரு அர்ச்சிஷ்டவரோட, அதான் ஒரு புனிதரோட, எலும்பு இருக்குல்லா. அவர் பக்கத்துல படுத்தா, செத்தவங்க எழும்புற அன்னைக்குத் தோதா இருக்கும்னு எல்லாரும் நெனச்சாவ. உள்ள இடம் பத்தல. வெளிய படுத்தாவ."

"அவ்வளவுதானா?"

"மந்திரிச்ச மண்ணு. பூசைக்குப் போறவன் வாறவன் பார்த்துட்டு ஒரு பரலோக மந்திரம் சொல்லுவான். அதுவும் உண்டு."

"அவ்வளவுதானா?"

அவர் சுற்றிலும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மணிதான் காரியம். நமக்கு அது பூசைக்கு வான்னு கேக்கும். அவங்களுக்கு, இன்னும் நேரம் வரல, படுங்கன்னு கேக்கும்."

"கேக்கலன்னா?"

"நேரம் வந்துட்டுன்னு நெனப்பாவ."

நான்கு வருடமாக பெலிசிற்றா எழுந்து வர வேண்டும் என்று தினமும் மன்றாடியவன் நான். இப்போது அது நடக்கக்கூடும் என்றதும் அதைத் தடுக்க அலுவலகத்தை நோக்கி விரைந்தேன். அதற்காக வெட்கப்பட்டேன். வேகத்தைக் குறைக்கவில்லை.

அலுவலகத்தின் நடைவழி காலையில் இருந்ததைவிட நீண்டிருந்தது. சுவர் நெடுகிலும் பழைய சாமியார்களின் படங்கள். எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் கடிகாரம் இருந்தது. பதினொன்றே கால்.

லாசர் சொன்னதை எழுதிக் கொடுத்தேன். வியாகுலம் இரண்டு முறை வாசித்தான்.

"சரியான பதில்." முத்திரை குத்தினான். "மனுதாரர் கையெழுத்து வேணும்."

"நான்தான மனுதாரர்?"

"நீங்க எதுக்கு? தள்ளிப் போறது அவங்கல்லா. அவங்கதான் போடணும்."

"அவ எப்படிப் போடுவா?"

"பேனா குடுங்க" என்றான்.

நான் ஓடினேன். தினம் நாற்பது அடிக் கணக்கில் அவ்வளவு தூரம் இருக்கவே கூடாது. ஆனாலும் இருந்தது. உப்பு வெயிலில் கண் கூசியது. பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கோட்டு போட்டிருந்தார்கள். கைகளில் ஜெபமாலை சுற்றியிருந்தது. மூக்கில் பஞ்சு. கடைசி வரிசைக்காரர்கள். அவர்களுக்குக் காலை மணியே கேட்டிருக்காது.

"தம்பி, நேரம் வந்துட்டா?" என்று ஒருவர் கேட்டார்.

"இன்னும் இல்ல" என்றேன்.

"அப்ப சரி" என்றார். இருவரும் அந்தப் பெஞ்சிலேயே கால் நீட்டிப் படுத்தார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் ஓடினேன்.

தோட்டத்தின் கேட்டைத் திறந்தபோது என் நிழல் காலடிக்குள் வந்திருந்தது. பன்னிரண்டு. நின்று கவனித்தேன். காற்று மட்டும் கேட்டது. மணி கேட்கவில்லை.

கல்லறைக் கற்கள் எல்லாம் ஒரு விரல் அளவு எழும்பின.

முதல் வரிசைக்குப் போனேன். கீழே யாரோ இருமினார்கள். அந்த இருமல் எனக்குத் தெரியும்.

"யாரு நிக்கிறது?"

"நான்தான். கஸ்பார்."

"மணி அடிச்சிட்டாவளா? எனக்குக் கேக்கலியே."

"அடிச்சிட்டாவ."

"என்ன சொல்லிச்சு?"

ஒரு வார்த்தை சொன்னால் வந்துவிடுவாள். அவள் வலது மணிக்கட்டில் தோசைக்கல் சுட்ட தழும்பு ஒன்று இருக்கும். அதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அது இப்போது எப்படி இருக்கும் என்று நினைத்ததும் கல்லிலிருந்து ஓரடி பின்வாங்கினேன்.

"இன்னும் நேரம் வரல. படு."

"என்ன?"

"இன்னும் நேரம் வரல!" என்று கத்தினேன். "எல்லாரும் படுங்க!"

கற்கள் வரிசை வரிசையாக இறங்கின. தோட்டம் முழுவதும் இறங்கி முடிக்க வெகுநேரம் ஆனது.

"சரி" என்றாள் பெலிசிற்றா.

நான் அழுதேன். பிறகு மனுவைக் கல்லின்மேல் விரித்தேன். பேனாவைக் கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே இருந்த இடுக்கில் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நேரம் வரலன்னா," என்றாள் அவள், "நீங்க மட்டும் ஏன் நிக்கீங்க?"

சுற்றிலும் கற்களுக்குக் கீழே எல்லோரும் என் பதிலுக்காகக் காத்திருப்பது தெரிந்தது. நான் கோயில் இருந்த திசையில் திரும்பினேன். கோபுரத்துச் சிலுவை குண்டூசி அளவுக்குத் தெரிந்தது. அப்புறம் அதுவும் தெரியவில்லை.

"கால் வலிக்கும்லா" என்றாள்.

கீழே அவள் ஒருக்களித்து, குழியின் ஓரமாக நகர்ந்து எனக்கு இடம் விடுகிற சத்தம் கேட்டது.