சிறுத்தையைத் தூங்க வைத்தவள்

அந்த வட்டாரத்தில் சுவரில் படம் வரைகிறவள் என்றால் பிரஷ் அக்காதான். மழலையர் பள்ளி வாசலில் நிற்கிற ஒட்டகச்சிவிங்கியும், பல் டாக்டரின் அறையில் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிற முதலையும் அவள் கைவேலை. ஆனால் ஒரு வீட்டுப் படுக்கையறைச் சுவர் முழுக்க ஒரு காட்டையே வரைந்து தரச் சொல்லி அதுவரை யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. முதல்முதலாகக் கூப்பிட்டவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒருவர்.

வேன்காரரின் மனைவி நர்ஸ். பெரும்பாலும் இரவு டூட்டி. ஆஸ்பத்திரியிலும் வெள்ளைச் சுவர், வீட்டிலும் வெள்ளைச் சுவர், பார்த்துப் பார்த்துக் கண்ணே பூத்துப்போகிறது என்று எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். அதை அவர் மனதிலேயே போட்டு வைத்திருந்தார். அவள் ஒரு பயிற்சிக்காக வெளியூர் போயிருந்த நேரம் பார்த்துக் காதும் காதும் வைத்த மாதிரி வேலையை ஆரம்பித்துவிட்டார்.

"கதவைத் திறந்ததும் அவ அசந்துடணும் அக்கா," என்றார்.

பிரஷ் அக்காவுக்கு இது போதாதா? கட்டிலுக்கு எதிர்ச்சுவரை அப்படியே எடுத்துக்கொண்டாள். தூரத்துக்கு நீலம் கலந்த பனிமூட்டம், அதற்கு முன்னால் மங்கலாக மரங்கள், கிட்டே வர வரப் பச்சை அடர்ந்துகொண்டே வந்தது. ஸ்பாஞ்சைத் தோய்த்து ஒற்றி ஒற்றி இலைக் கொத்துகளை எழுப்பினாள். வேன்காரரின் மாமனார் நாற்காலியைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். பெரிய கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்கி ஓய்வு பெற்றவர். ஏறுவதும் இறங்குவதுமாகவே காலத்தைக் கழித்தவருக்கு ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்ப்பது பெரிய சுகமாக இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி, மயில் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மயில் வரவில்லை. சிறுத்தைதான் வந்தது. குறுக்கே நீண்ட ஒரு கிளையில், பாய்வதற்குப் பதுங்கிய உடம்போடு, நேரே அறையைப் பார்த்தபடி. கண்ணுக்கு மட்டும் மூன்று விதமான மஞ்சளைக் கலந்தாள். கடைசியில் நுனிப் பிரஷால் வெள்ளைப் புள்ளி வைத்ததும் அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்று அவள் கையிலிருந்து வந்ததே இல்லை. கீழே காதை விறைத்துக்கொண்டு ஒரு மான், மேலே ஓர் ஆந்தை.

ஊரிலிருந்து வந்த நர்ஸ் கதவைத் திறந்து அப்படியே நின்றுவிட்டாள். பெயின்ட் காயாத பிரஷ் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வேன்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை.

வினை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. ஒரு நாள் பள்ளிக்கூடம் சீக்கிரமே விட்டுவிட, மத்தியானமே வீட்டுக்கு வந்த வேன்காரர் பார்த்தால், காட்டுக்குக் குறுக்கே படுக்கை விரிப்பு ஒன்று கொடி கட்டித் தொங்குகிறது. நர்ஸ் தூங்காமல் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். விசாரித்ததில், அவர் வேனை எடுத்துக்கொண்டு போனதும் தினமும் விரிப்பை மாட்டுவாளாம், திரும்புவதற்குள் கழற்றி மடித்து வைத்துவிடுவாளாம். அவர் ஆசையாகச் செய்தது, மனம் நோகக் கூடாதே என்று.

அவர் பிரஷ் அக்காவை வரவழைத்தார். நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"படம் அவ்வளவு அழகா இருக்குக்கா. அதான் பிரச்சினையே. ராத்திரி பூரா வார்டே என்னைத்தான் பாத்துக்கிட்டு இருக்கும். விடிஞ்சு இங்க வந்து படுத்தா, இதுவும் என்னையே பாக்குது. திரும்பிப் படுத்தா முதுகைப் பாக்குது."

மாமனார் மாப்பிள்ளையைப் பார்த்து, அசந்துடணும்னு சொன்னீங்களே, புள்ள கண் அசரவே இல்லையே என்றார். யாரும் சிரிக்கவில்லை.

பிரஷ் அக்காவின் முகம் சுருங்கிப்போனது. விரிப்பை மாட்டினால் தூக்கம் வந்துவிடுமே என்று கேட்டுப் பார்த்தாள். விரிப்புக்குப் பின்னால் அது இருப்பது தெரியுமே என்றாள் நர்ஸ். மறுபடி வந்து பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். வழியெல்லாம் ஒரே பொருமல். ஒரு பேச்சுக்குக்கூட யாரும் குறை சொல்லாத வேலை அது. அந்தக் கண்ணை எப்படி அழிப்பது?

பிறகு ஒரு நாள் நர்ஸ் பகல் டூட்டிக்குப் போயிருந்த நேரமாக வந்து, வேன்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக் கட்டிலில் போய்ப் படுத்தாள். ஏணி மேல் நின்று பார்த்திருக்கிறாள், அறைக் கோடியில் நின்று பார்த்திருக்கிறாள், படுத்துப் பார்த்ததில்லை. அரை இருட்டில் சுவரின் பச்சையெல்லாம் உள்வாங்கிப் போயிற்று. அந்த இரண்டு மஞ்சள் கண் மட்டும் மிஞ்சி நின்றது. கண்ணை மூடினாள். மூடிய இமை மேலேயே யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. சட்டென்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"சிஸ்டர் சொன்னது சரிதாங்க," என்று வெளியே வந்து சொன்னாள். "நானா இருந்தா வீட்டையே மாத்தியிருப்பேன்."

முதலில் சிறுத்தையின் கண்ணை மட்டும் மூடி வரைந்து பார்த்தாள். பாயப்போகிற உடம்போடு கண்ணை மூடிய சிறுத்தை, கண்ணில் தூசி விழுந்த சிறுத்தையாக இருந்தது. சொட்டு மருந்து விடணும்போல இருக்கே என்றார் மாமனார். ஆக, முழு உடம்பையும் மாற்றியாக வேண்டும். சிறுத்தை எப்படித் தூங்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. தெருவில் நிறுத்தியிருந்த ஒரு கார் மேல் பூனை ஒன்று நாலு காலையும் தொங்கவிட்டுக் கவலையில்லாமல் கிடந்தது. அதன் எதிரில் நின்று, கார்க்காரர் வந்து முறைக்கிற வரைக்கும் பார்த்தாள்.

திரும்பி வந்து சிறுத்தையைக் கிளையில் கவிழ்த்துப் போட்டாள். தாடை கிளையில் பதிந்தது, ஒரு முன்னங்கால் காற்றில் ஆடியது. அது தூங்கிவிட்டால் மான் மட்டும் எதற்குக் காதை விறைத்துக்கொண்டு நிற்க வேண்டும்? அதையும் மடிந்து படுக்க வைத்து மூக்கை வயிற்றில் செருகினாள். ஆந்தையின் இமையை இறக்கினாள். மாமனார் தன் மயிலைக் கேட்டார். தோகையிலேயே அத்தனை கண் இருக்கிறது, எதை மூடுவது என்று மாப்பிள்ளை தடுத்தார். கடைசியில் மயில் வந்தது, தோகையைப் புதருக்குள் இழுத்துவிட்டு, கழுத்தைச் சிறகில் புதைத்துக்கொண்டு. மாமனாருக்கு அதுவே போதும்.

கிளை நுனியில் சில இலைகள்தான் பாக்கி. பள்ளிக்கூட விடுமுறை நாளான அன்று காலை நர்ஸ் டூட்டி முடிந்து வந்தபோது பிரஷ் அக்கா ஏணி உச்சியில் இருந்தாள். நர்ஸ் பையைக்கூடக் கழற்றாமல் கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். நல்லாருக்குக்கா என்று சொல்ல வாயெடுத்தவள் கொட்டாவி விட்டாள். சற்றுப் பின்னால் சாய்ந்துகொண்டாள். பிரஷ் அக்கா ஒரு இலையை முடித்துவிட்டு, சிறுத்தை எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே திரும்பினால், நர்ஸ் செருப்புக் காலோடு ஆழ்ந்த தூக்கத்தில் இருந்தாள்.

பிரஷ் அக்கா காலை எடுத்து அடுத்த படியில் வைக்கப்போனாள். ஏணி கிரீச்சென்றது. அப்படியே உறைந்தாள். வாசலில் எட்டிப் பார்த்த வேன்காரர் இரண்டு கையையும் காட்டி, அசையாதீங்க என்று ஜாடை செய்தார். பூனை நடை நடந்து வந்து மனைவியின் செருப்பைக் கழற்றினார், பையைத் தோளிலிருந்து உருவினார். பிறகு ஒரு டம்ளர் காப்பியை எட்டி ஏணி உச்சிக்குக் கொடுத்தார். வேறு வேலை இல்லாததால் பிரஷ் அக்கா அங்கேயே உட்கார்ந்து கைக்கு எட்டிய கிளைக்கெல்லாம் இலை வைத்தாள். அந்த மூலையில் மட்டும் காடு தேவைக்கு மேல் அடர்ந்துபோனது.

தெருவில் ஒரு லாரி பெரிதாக உறுமிக்கொண்டு போன சமயம் பார்த்து ஒரே மூச்சில் இறங்கி வெளியே வந்தாள். கால் மரத்துப்போயிருந்தது. மாமனாரோடு சேர்ந்து மூன்று பேரும் சமையலறையில் உட்கார்ந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் நர்ஸ் வந்து நின்றாள். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது.

"வேலை முடிஞ்சுதாக்கா? நான் இன்னும் சரியாவே பாக்கலை," என்றாள். "இருங்க, பாத்துட்டு வந்து சொல்றேன்."

உள்ளே போனாள். மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். ஒரு சத்தமும் இல்லை. வேன்காரர் மெல்ல எட்டிப் பார்த்துவிட்டு, சிரிப்பு வந்த வாயைப் பொத்திக்கொண்டு, தூங்குகிறாள் என்று ஜாடை காட்டியபடி திரும்பி வந்தார்.

"நாளைக்குப் பாத்துக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, பிரஷ் அக்கா பிரஷ்களைக் கழுவக் கொல்லைக் குழாயடிக்குப் போனாள்.