மூணு வட்டம்

"உங்களுக்கு வட்ட முகம்க்கா," என்றான் கம்மல் கடைக்காரன். முக்காலியில் உட்கார்ந்திருந்தவளை, பழம் பொறுக்குகிறவன் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னான். பக்கத்தில் நின்ற அவள் புருஷன் கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. முப்பத்திரண்டு வருஷமாகக் குடித்தனம் செய்கிற பெண்டாட்டியின் முகம் வட்டமா நீளமா என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. இத்தனைக்கும் கண்ணாடி வெட்டுவதுதான் அவர் தொழில். தெருவில் நின்றபடியே ஜன்னலுக்கு அளவு சொல்லிவிடுவார். டேப் பிடித்துப் பார்த்தால் ஒரு நூல் பிசகாது.

"வட்ட முகத்துக்கு இவ்ளோ பெரிய வட்ட வளையமா? முகம் ஒண்ணு, காதுல ரெண்டு. மூணு வட்டம் ஆயிடுதுல்ல? யாருக்கா எடுத்துக் குடுத்தது இத?"

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். வாயோரத்தில் முட்டிக்கொண்டு நின்ற சிரிப்பு, அடக்க அடக்கப் பீறிட்டு வந்துவிட்டது. "அப்ப இத்தன வருஷமா மூணு சக்கர வண்டி மாதிரியா ஓடிக்கிட்டிருந்தேன்?"

கடைக்காரனும் சேர்ந்து சிரித்தான். நாற்பது வயதிருக்கும். வழித்த தாடை, மடிப்புக் கலையாத சட்டை. இப்படிப்பட்டவர்களைக் கண்ணாடிக்காரர் எப்போதுமே நம்பியதில்லை. அந்த வளையங்களைக் கல்யாணமான மறுவருஷம் அவர்தான் வாங்கினார், அவளைக் கேட்காமல். கண்ணாடிக்குச் சட்டம் போடுவதுபோல் வட்டத்துக்கு வட்டம் சரியாக இருக்கும் என்று எடுத்தது. அப்படியென்றால் அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்துத்தானே எடுத்திருக்கிறார்? இப்போது அது ஞாபகத்தில் இல்லை. வளையத்தின் கனத்தில் காது ஓட்டை நீண்டு இழுபட்டுப்போக, இலேசாக ஒன்று மாட்டச் சொன்னார் டாக்டர். அதற்குத்தான் வந்தார்கள்.

"நீங்களே பாருங்க." கடைக்காரன் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவை அவள் கையில் கொடுத்தான். "ஒரு கண்ண மூடிக்கிட்டு, கண்ணாடில தெரியற முகத்தச் சுத்திக் கோடு போடுங்க. ஆடக் கூடாது." அவள் குனியப் போக, அவன் ஒற்றை விரலால் மோவாயைத் தூக்கி நிறுத்தினான். ஒரு கணம்தான். கண்ணாடிக்காரருக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது.

"கோடு முகத்துல பாதி அளவுதான் வரும்," என்றார் உரக்க. "கண்ணாடியப் பத்தி எனக்குத் தெரியும்."

"அளவு வேணாம் மாமா. வடிவந்தான் வேணும்."

அவள் அக்காவாம், அதனால் இவர் மாமாவாம். யாரைக் கேட்டு இந்த உறவு?

அவள் கோட்டைப் போட்டு முடித்ததும், நீளமாகத் தொங்கும் மெல்லிய தொங்கட்டான் ஒன்றை அவன் அவள் காதோரம் பிடித்துக் காட்டினான். முகம் சட்டென்று வேறொருத்தி முகம்போல நீண்டது. நன்றாகத்தான் இருந்தது. அதுதான் பொறுக்கவில்லை. "வேலை கெடக்கு, வா," என்று கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார்.  வழியெல்லாம் அவள் கடை ஜன்னல்களில் தன் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை பட்டறையைத் திறக்காமல், கம்மல் கடைக்கு எதிரே மருந்துக்கடை வாசலில் போய் நின்றார். வருகிறவளுக்கெல்லாம் வட்ட முகம் என்று சொல்லி நீளக் கம்மலைத் தலையில் கட்டுகிற பயல்தான் என்பது அவர் கணக்கு. கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் மனசு ஆறும். ஒரு நர்ஸம்மா வந்தாள், நீண்ட முகம். கடைக்காரன் சாய்ந்து சாய்ந்து பார்த்தான். அவள் தொங்குவதைத்தான் கேட்டாள். அவன் தலையாட்டி மறுத்து, அகலமான தோடு ஒன்றை எடுத்து வைத்தான். அடுத்து வந்த தாடை அகன்ற பெண்ணுக்கு வளையம். அதே மாதிரி பெரிய வளையம்! கண்ணாடிக்காரர் மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். திருடனாக இருந்திருந்தால் தேவலை. அவன் நிஜமாகவே பார்க்கிறான்.

சாலையைத் தாண்டி உள்ளே போனார். சிவப்புக் கோடு இன்னும் துடைக்கப்படாமல் கண்ணாடியில் இருந்தது. வருகிற போகிற ஆம்பிளை எல்லாம் பார்க்கிற இடத்தில், அவள் முகம்.

"வாங்க மாமா."

"இந்தக் கண்ணாடில ரசம் போயிருச்சு. ஓரமெல்லாம் கருப்படிச்சுக் கெடக்கு. புதுசு வெட்டி மாட்டித் தரேன். காசு வேணாம். இத நான் எடுத்துக்கறேன்."

கடைக்காரன் கண்ணாடியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். புரிந்திருக்கும். சரியென்று தலையாட்டிவிட்டு இழுப்பறையைத் திறந்தான். "அக்கா பாத்த தொங்கட்டான யாருக்கும் குடுக்காம எடுத்து வெச்சிருக்கேன்."

அவள் காதில் உரசியது இவன் இழுப்பறையில் கிடப்பதா? அதையும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மத்தியானத்துக்குள் புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டு, பழையதைக் கோடு அழியாமல் விளிம்பில் பிடித்து, முகப்பக்கம் தன் நெஞ்சைப் பார்க்க, தெருவழியே நடந்தே வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

சட்டையைக் கழற்றிக் கதவாணியில் மாட்டிவிட்டுக் கண்ணாடியை மேஜைமேல் சாத்தினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"இது எதுக்கு?"

"ரசம் போச்சு."

"ரசம் போன கண்ணாடி நம்ம பட்டறைல இல்லாமத்தான் அங்கேருந்து தூக்கிட்டு வந்தீங்களாக்கும்." கோட்டைப் பார்த்துவிட்டாள். "ஏங்க, இந்த வயசுல வயிறு எரியுதா உங்களுக்கு?"

"எரிய என்ன இருக்கு? பெரிய முகம்."

"வட்ட முகம்," என்றாள் அவள்.

அவர் முக்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரு. நான் பாக்கறேன்."

"என்னத்தப் பாக்கப் போறீங்க?"

"உக்காருங்கறேன்ல."

அவள் உட்கார்ந்தாள். முகம் கோட்டுக்குக் கீழே போயிற்று. அவர் தலையணையை மடித்துக் கொடுத்தார். கொஞ்சம் மேலே. முக்காலியைப் பின்னால் தள்ளினார். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நிமிர்த்தினாள்.

"ம். பொருந்திடுச்சு," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "உங்களுக்குத் தெரியுதா?"

பனியனோடு பக்கவாட்டில் நின்ற கண்ணாடிக்காரர் குனிந்து பார்த்தார். அவர் நின்ற இடத்திலிருந்து அந்தச் சிவப்புக் கோட்டுக்குள் முகம் இல்லை. அவளுக்கு அந்தப் பக்கம் கதவில் தொங்கிய அவருடைய சட்டைதான் இருந்தது. அதன் பைக்குள் தொங்கட்டான் இலேசாகப் புடைத்துத் தெரிந்தது.

"ஏங்க, தெரியுதா இல்லையா?"

மூடிய கண்ணைத் திறக்காமல், ஆடாமல், அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.