வேனுக்குப் பின்னால் ஒரு ஒத்திகை

காலேபைப் பிடித்துவிட்டோம் என்று ஃபெமினா நிம்மதியாக மூச்சுவிட்ட ஒவ்வொரு முறையும் அவன் கை நழுவிப் போனான். அவனைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. அமெரிக்காவில், டெக்சாஸின் ரவுண்ட் ராக் தமிழ்ச் சபையில் நன்றாகக் கீபோர்டு வாசிப்பவன் அவன் ஒருவன்தான். அவள் பாடப்போகும் ஆஸ்டின் வட்டாரச் சபைகளின் பாட்டுப் போட்டியிலோ இந்த வருடம் கரோக்கி கூடாது, யாராவது உடன் வாசித்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை அவன் தயார் என்றால் ஃபெமினாவுக்கு ஆஸ்பத்திரி பார்மசியில் மாலை ஷிஃப்ட். அவள் வியாழக்கிழமை என்றால் அவனுக்கு ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸ். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பார்க்கலாம் என்றார்கள்; அன்று அவன் மகள் ஷைனாவுக்குக் காய்ச்சல். இப்படியே மூன்று வாரம் ஓடிவிட்டது. போட்டிக்கு எட்டே நாள் இருக்கும்போது காலேப் போன் செய்தான்.

"அக்கா, நாளைக்கு ஷைனாவுக்கு ஸ்விம் மீட். காலைல எட்டு மணியில இருந்து ரெண்டு மணி வரைக்கும் அங்கதான் கெடப்பேன். அவ தண்ணியில இருக்கப்போறது மொத்தமே ரெண்டு நிமிஷம். கீபோர்டை வேன்ல போட்டுட்டு வரேன், நீங்களும் வந்துடுங்க."

"பார்க்கிங் லாட்லயா? நாலு பேர் பாக்க மாட்டாங்க?"

"போட்டியில நானூறு பேர் பாப்பாங்களே அக்கா."

ஃபெமினா பாட்டு நோட்டை எடுத்துப் பையில் வைத்தாள்.

மறுநாள் நீச்சல் குளத்தின் பார்க்கிங் லாட்டில் வேனின் பின்கதவைத் தூக்கிவிட்டு, அந்த நிழலில் காலேப் கீபோர்டை நிறுத்தினான். பல்லவி சுகமாகப் போயிற்று. சரணத்தின் உச்சியில் மட்டும் ஃபெமினாவின் குரல் மூன்று முறையும் பிசிறடித்தது.

"கொஞ்சம் சுருதி எறக்கலாமா அக்கா?"

"வேணாம். காலேஜ்ல ஜி-லதான் பாடினேன், இப்பவும் ஜி-லதான் பாடுவேன்."

"காலேஜ் முடிச்சு எத்தனை வருஷமாச்சு?"

"அது உனக்கெதுக்கு?"

அதற்குள் ஷைனா நீச்சல் உடையோடு ஓடி வந்தாள். "டாடி, ஐ'ம் நெக்ஸ்ட்!" காலேப் போட்டது போட்டபடி ஓடினான். ஃபெமினாவும் செருப்பு தடதடக்கப் பின்னாலேயே ஓடினாள். குளத்தோரம் நின்று, பெற்ற தகப்பனைவிட உரக்கக் கத்தினாள். ஷைனா நான்காவதாக வந்தாள். ஆனால் தன் பழைய நேரத்தைவிட மூன்று விநாடி குறைவு என்று தெரிந்ததும், ஈரத்தோடு ஃபெமினாவைக் கட்டிக்கொண்டாள்.

நனைந்த குர்தாவோடு திரும்பி வந்தவளிடம், "கடைசியா ஒரு தடவை" என்று காலேப் வாசிக்கத் தொடங்கினான். இந்த முறை சரணத்தின் உச்சி தானாக வந்து உட்கார்ந்தது. இரண்டு கார் தள்ளி, மடக்கு நாற்காலியில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த ஒரு அமெரிக்கர் அதைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்.

"பாத்தியா? கத்தினதுல தொண்டை தெறந்துடுச்சு!" என்றாள் ஃபெமினா பெருமையாக.

காலேப் கீபோர்டையே பார்த்தான். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. பட்டனை ரெண்டு அழுத்து அழுத்தி சுருதியை எறக்கிட்டேன். இப்ப நீங்க பாடினது எஃப்."

அவள் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவள், அந்த அமெரிக்கர் இன்னும் தன்னையே பார்த்துச் சிரிப்பதைக் கண்டு, தானும் சிரித்துவிட்டாள். "சரி, அப்படியே இருக்கட்டும். என் வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாத. ஒரு மாசமா அவரும் சுருதியை எறக்குன்னுதான் சொல்லிட்டிருக்கார்."

அடுத்த சனிக்கிழமை ஃபெமினாவுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு வாங்கிய பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. அவளைப் பாராட்டிவிட்டு ஃபெமினா திரும்பினால், காலேபைக் காணோம். மேடைக்குப் பக்கவாட்டில் மூன்று பேர் அவனை மடக்கி, அடுத்த வருடத்துக்கு இப்போதே தேதி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து, பிரியாணித் தட்டை அவன் கையில் திணித்தாள் ஃபெமினா.

"அவன் முதல்ல சாப்பிடட்டும்" என்றாள். "அப்புறம் வரிசையில நில்லுங்க. எனக்குப் பின்னாடி."