முகம் தொலைத்த ஃபோல்டர்கள்

என் அக்கா கால்நடை மருத்துவர். மனிதர்களின் பெயர் அவள் தலையில் தங்கவே தங்காது. சொந்த மாமியாரின் பெயரையே ஒருமுறை யோசித்துத்தான் சொன்னாள். ஆனால் ஒரு நாயை ஒரு தடவை பார்த்தால் போதும், காது மடிப்பு வரை ஞாபகம் இருக்கும். அதனால் கிளினிக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு ஃபோல்டர். பெயர் என்று பார்த்தால் வெறும் எண்தான். மேலே ஐகானாகப் பளிச்சென்று அதன் முகம். ஏதோ ஒரு குட்டி மென்பொருளை வைத்து ஒட்டியிருந்தாள்.

அந்தக் கம்ப்யூட்டரின் பழைய ஹார்ட் டிரைவ் கரகரவென்று முனக ஆரம்பித்ததும் எனக்கு அழைப்பு வந்தது. வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே தங்கை நான் என்பதால் இந்தச் சம்பளமில்லாத உத்தியோகம் எப்போதும் என் தலையில்தான் விடியும்.

எல்லா ஃபோல்டரையும் கட் செய்து புது டிரைவில் பேஸ்ட் செய்தேன். உடனே ஒரு கேள்வி குதித்தது: இது சிஸ்டம் ஃபைல், நிச்சயமாக நகர்த்தவா? சரி என்றேன். மறுபடி அதே கேள்வி. மறுபடியும். கல்யாணமாகாதவளிடம் சொந்தக்காரர்கள்கூட இப்படி நச்சரிக்க மாட்டார்கள். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. ‘எல்லாவற்றுக்கும் இதே பதில்’ என்பதில் டிக் போட்டு, ‘தவிர்’ என்பதை அழுத்தினேன். சடசடவென்று வேலை முடிந்தது.

பழைய டிரைவில் ஃபோல்டர்கள் மட்டும் போகாமல், பொடிப்பொடியான பட்டியலாக அப்படியே நின்றன. திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. மொத்தமாக அழித்துவிடலாம் என்று ஃபார்மட் பட்டனுக்குப் போனபோது கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு கூரியர்காரர் வந்தார். கையில் ஒரு பழுப்பு நாய். முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

“ரோட்ல கிடந்துச்சு டாக்டர். குளவி கொட்டியிருக்கும் போல. யார் வீட்டு நாய்னு தெரியல.”

“இவன் நம்ம பேஷன்ட்தான்” என்று காது மடிப்பைப் பார்த்தே சொல்லி, அக்கா அவனை மேசையில் கிடத்தினாள். “வீக்கத்துக்கு ரெண்டு மருந்து இருக்கு. அதுல ஒண்ணைப் போட்டப்போ போன தடவை வலிப்பு வந்து சாகப் பார்த்தான். எதுன்னு ஞாபகம் இல்ல. அவன் ஃபோல்டரைத் திற, சீக்கிரம்!”

புது டிரைவைத் திறந்தேன். திரை முழுக்க ஒரே மாதிரி மஞ்சள் ஃபோல்டர்கள். எண்கள், எண்கள், எண்கள். ஒன்றுக்கும் முகமில்லை.

“எங்கடி முகமெல்லாம்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் தவிர்த்தவைதான் அந்த முகங்கள். அந்த மென்பொருள் படத்தை ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் சிஸ்டம் ஃபைலாக ஒளித்து வைத்திருக்கிறது. நாயின் மூச்சு விசிலடிக்கத் தொடங்கியது. அக்கா ஒரு பாட்டிலை எடுத்து ஊசியில் ஏற்றிக்கொண்டாள். “இன்னும் காத்திருக்க முடியாது. இதைப் போட்டுப் பாக்கறேன்.”

“ஒரு நிமிஷம்க்கா!”

பழைய டிரைவுக்குத் தாவி, ஐகான்களைப் பெரிதாக்கினேன். நான் காலி என்று நினைத்த ஃபோல்டர்களின் மேல் அத்தனை பேரும் இருந்தார்கள். பூனை, முயல், ஒற்றைக் கண் கிளி. அக்கா ஊசியோடு திரைமேல் குனிந்தாள்.

“கீழ போ. இன்னும் கீழ. இவன்தான்!”

ஒரு பழுப்புக் குட்டி. எனக்கு எந்த ஜாடையும் தெரியவில்லை. அதே எண்ணைப் புது டிரைவில் திறந்தேன். முதல் வரியிலேயே, ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரைப் பெரிதாக எழுதி வைத்திருந்தாள். உரக்கப் படித்தேன்.

அக்கா தன் கையிலிருந்த ஊசியைப் பார்த்தாள். அதைக் குப்பையில் போட்டுவிட்டு, மற்ற பாட்டிலை எடுத்தாள்.

“கால இறுக்கிப் பிடி.”

பிடித்தேன். மெல்ல மெல்ல விசில் சத்தம் நின்றது. வயிறு சீராக ஏறி இறங்க ஆரம்பித்தது. கூரியர்காரர் நிம்மதியாகச் சிரித்து, தன் பார்சல்களின் ஞாபகம் வந்து ஓடினார்.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து நாயின் தலையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

“அந்தப் பழைய டிரைவை என்ன செய்யப் போன?”

“அழிக்கப் போனேன்க்கா.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். நாய் என் கையை நக்கியது.