தாயின் கல்வித் தகுதி

இ-சேவை மையத்தில் நஜியா கீபோர்டிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள். “அம்மா என்னா படிச்சிருக்காங்க?”

பெண்ணின் அப்பா ராஜமாணிக்கம் முந்திக்கொண்டார். “பன்னெண்டாவது. நான் பத்து, அதுவும் ஃபெயிலு. எங்க வம்சத்துலயே இவதான் மொதமொதல்ல காலேஜுக்குப் போறா. நல்லா பாத்துப் போடும்மா.”

‘தாயின் கல்வித் தகுதி’ என்ற கட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு ஏறியது. பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த மலர்க்கொடி திரையைப் பார்க்காமல் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் இளமதி அவளையும் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கலந்தாய்வில் இளமதிக்குப் பொறியியல் சீட் கிடைத்திருந்தது. குடும்பத்தில் அதுவரை யாரும் பட்டம் வாங்கியிருக்காவிட்டால், முதல் பட்டதாரி என்று சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால், கட்டணத்தில் பெரும்பகுதி குறையும். குறையாவிட்டால் கட்ட முடியாது. இது மூன்று பேருக்கும் தெரியும் என்பதால் வீட்டில் யாரும் அதைப் பேசுவதே இல்லை. நஜியா உறுதிமொழிப் படிவத்தை எடுத்துக் கொடுத்து, வியாழக்கிழமை வி.ஏ.ஓ. விசாரிப்பார், அவர் முன்னால் அப்பாவும் அம்மாவும் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். படிவத்தின் அடியில் சின்னதாக ஒரு வரி இருந்தது. கூறியது பொய்யென்று பின்னர் தெரியவந்தால் சலுகை ரத்தாகும், சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும். அதெல்லாம் எல்லாப் படிவத்திலும் இருக்கும், யாரும் படிப்பதில்லை என்று நஜியா சொன்னாள். மலர்க்கொடி படித்தாள். எதையும் கடைசி வரி வரைக்கும் படிப்பது அவளுக்குப் பழக்கம்.

வெளியே வந்து லோடு ஆட்டோவில் ஏறினார்கள். ராஜமாணிக்கம் விடியற்காலையில் அலையாத்திக் காட்டு ஓரத்தில் நண்டு வாங்கிச் சிதம்பரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகும் வண்டி அது. இடப்பக்கக் கதவின் வெளிப்பிடி உடைந்து ஐந்து வருடமாகிறது. வெளியிலிருந்து திறக்க வராது. ஒவ்வொரு முறையும் அவர் ஸ்டீயரிங்கிலிருந்து சாய்ந்து, உள்ளேயிருந்து கதவைத் தள்ளிவிடுவார். மலர்க்கொடி ஏறுவாள். பிடியை மாற்ற இருநூறு ரூபாய்கூட ஆகாது. ஆனால் அந்தச் சாய்வு அவளுக்குப் பிடித்திருந்தது, மாற்றச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

அவள் பி.ஏ. வரலாறு படித்தவள். இரண்டாம் வகுப்பில் தேறியவள். அது ராஜமாணிக்கத்துக்குத் தெரியாது.

பெரிய சதியெல்லாம் ஒன்றும் இல்லை. மஞ்சக்குப்பத்தில் அவள் அப்பா ஓர் அலுவலகத்தில் பியூன். மகளை அஞ்சல் வழியில் பட்டத்துக்குப் போட்டிருந்தார். கடைசி இரண்டு பேப்பர் மீதி இருந்தபோது கிள்ளையிலிருந்து இந்த வரன் வந்தது. நல்ல குடும்பம், சீர் கேட்கவில்லை, பெண் மட்டும் மாப்பிள்ளையைவிட ஜாஸ்தி படித்திருக்கக் கூடாது என்றார்கள். பன்னிரண்டாவது வரைக்கும் பரவாயில்லையாம், அது ஸ்கூல்தானே. அப்பா பயோடேட்டாவில் பிளஸ் டூ என்று தட்டச்சு செய்து கொடுத்தார். கல்யாணத்துக்குப் பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றார். அந்த மெதுவாக என்பது பத்தொன்பது வருடமாக வரவே இல்லை. சுனாமிக்கு அடுத்த வருடம், கல்யாணமாகி வந்த முதல் மார்கழியில், அம்மாவோடு நடராஜர் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் சிதம்பரத்தில் உட்கார்ந்து அந்த இரண்டு பேப்பரையும் எழுதினாள். எழுதிய கையோடு கோயிலுக்கு ஓடித் திருநீறு வாங்கி வந்தாள். ராஜமாணிக்கம் அதை நெற்றியில் பூசிக்கொண்டு, மிச்சத்தைக் காகிதத்தோடு மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டார். பட்டச் சான்றிதழை அப்பா லேமினேட் செய்து, தீபாவளி வரிசைத் தட்டில் புடவைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தார். அதன் பிறகு அது பீரோவின் அடித்தட்டில், விரித்த செய்தித்தாளுக்குக் கீழே கிடந்தது. வீட்டில் ஆள் இல்லாத நாளில் எடுத்துப் பார்ப்பாள். வெட்கம் என்ன, அவளுக்கு அதில் கர்வம்தான்.

ராஜமாணிக்கம் கை நீட்டுகிறவர் அல்ல. குடிக்க மாட்டார், கத்த மாட்டார். அவர் பேச்சை நிறுத்திவிடுவார். மூன்றாவது வீட்டில் இருக்கும் தம்பி அறிவழகன் வரப்பு விஷயத்தில் ஒரே ஒரு பொய் சொன்னான், பதினோரு வருடம் ஆகிறது. கல்யாண வீடுகளில் ஒரே பந்தியில் உட்கார்ந்தாலும் தம்பி நீட்டிய தண்ணீரை வாங்க மாட்டார். தம்பி அவர் காலில் விழுந்தும் பார்த்தான். அவர் காலை மெல்ல நகர்த்திக்கொண்டார். அடித்திருந்தால்கூடத் தேவலாம் என்று அன்றைக்கு மலர்க்கொடி நினைத்தாள்.

இ-சேவையிலிருந்து வந்த அன்று மத்தியானம் அவள் பீரோவைத் திறந்து செய்தித்தாளைத் தூக்கினாள். அடியில் ஒன்றும் இல்லை. மற்ற தட்டுகளையும் கலைத்தாள்.

“நாந்தாம்மா எடுத்தேன்.” இளமதி கதவருகில் நின்றாள். “ஜாதிச் சான்றிதழ் தேடறப்ப கெடச்சுது. போன வாரமே.”

“எங்கடி அது?”

“கிழிக்கப் பாத்தேன், லேமினேஷன், முடியல. எரிச்சா நாறும். பாலத்துமேலேர்ந்து தண்ணியில போட்டுட்டேன்.” பிறகு, கொஞ்சம் கெஞ்சலாக, “ஒனக்கு இனிமே எதுக்கும்மா அது? நீ கையெழுத்து மட்டும் போடும்மா. அப்பாகிட்ட நான் மூச்சு விட மாட்டேன்.”

மகளை அறைய வேண்டும் என்று இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்றும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் மலர்க்கொடி புடவைகளை மடித்து வைத்தாள். உனக்கு எதுக்கு என்று மகள் கேட்டதுதான் அதிகமாக வலித்தது. அதற்கும் மேலாக ஒரு பயம் பிடித்துக்கொண்டது. கடல் ஏறும்போது உள்ளே வந்து, வற்றும்போது வெளியே போகிற தண்ணீர் அது. போட்டதைக் கொண்டுபோகும், அதேபோல் திருப்பியும் கொண்டுவரும். லேமினேட் செய்த காகிதம் மூழ்காது. வேர்களுக்கு நடுவே நண்டுக்குக் கைவிட்டுத் துழாவுகிறவர்கள் தினமும் விடியற்காலையில் ராஜமாணிக்கத்திடம்தான் வருகிறார்கள்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் வண்டிச் சத்தம் கேட்டால் அவள் வாசலுக்கு வந்து நின்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள். ரசம் கேட்டார், ஊற்றினாள். மின்விசிறி சத்தம் போடுகிறது என்றார். எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தது. எப்போதும் போல இருப்பதே அவளுக்குச் சந்தேகமாகிவிட்டது.

வியாழன் காலை அவர் துறையிலிருந்து வந்து, ஈரமாக ஏதோ ஒன்றைக் கூடத்துத் தரையில் போட்டார். பளபளப்பான காகிதம், ஓரமெல்லாம் சேறு. மலர்க்கொடி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“வேருல மாட்டிக்கிட்டு இருந்துச்சாம். படகு வாடகை பட்டியலு, எந்தக் காலத்துதோ,” என்றார் அவர். “கூடைக்கு அடியில போட்டுக்கலாம்னு எடுத்தாந்தேன். இத்தினி நாளு தண்ணியில கெடந்தும் ஒரு எழுத்து அழியல பாரேன்.”

அவள் பார்த்தாள். உண்மைதான், ஓர் எழுத்தும் அழியவில்லை.

வி.ஏ.ஓ. சுப்பிரமணியன் சாதுவான மனிதர். அவசரப்படாமல் உறுதிமொழியை வாய்விட்டுப் படித்தார். தாய், தந்தை, தாத்தா, பாட்டி, உடன்பிறந்தோர் எவரும் பட்டதாரி இல்லை. சரிதானே என்றார். சரிதான் சார் என்று ராஜமாணிக்கம் குனிந்து, ஒவ்வோர் எழுத்தாக நிறுத்திக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, பேனாவை மூடியோடு மனைவியிடம் நீட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. இளமதி நகத்தைக் கடிப்பதை நிறுத்தியிருந்தாள்.

மலர்க்கொடி பேனாவின் மூடியைத் திறந்தாள். கடைசி வரியை இன்னொரு தடவை படித்தாள். சிதம்பரத்தில் ஏதோ ஒரு பதிவேட்டில் தன் பெயர் இருக்கிறது, அதை யாரும் பாலத்திலிருந்து தூக்கிப் போட முடியாது. இன்றைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் நாலு வருடம். ஒவ்வொரு தபாலுக்கும் இப்படிச் சுவரைப் பிடிக்க வேண்டும். மூன்றாவது வருடத்தில் யாராவது வந்து இளமதியை வகுப்பிலிருந்து எழுப்பினால்?

“நான் பி.ஏ. படிச்சிருக்கேன் சார்,” என்றாள்.

சுப்பிரமணியன் கண்ணாடியைக் கழற்றினார். அப்படியானால் இந்தச் சான்றிதழ் கிடைக்காது என்றார். வருமானச் சான்று வைத்து வேறு உதவித்தொகைக்குப் போடலாம், ஆனால் இந்த அளவு வராது, சீட்டைக் காப்பாற்றுவது கஷ்டம்தான் என்றார். பின்னால் தெரியவந்திருந்தால் பெண்ணின் படிப்பே போயிருக்கும் என்று ஆறுதலாகவும் ஏதோ சொன்னார். அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. இளமதி முகத்தை மூடிக்கொண்டு வெளியே ஓடினாள்.

ராஜமாணிக்கம் மேஜையைப் பார்த்தபடி கேட்டார். “எப்ப முடிச்ச?”

“கல்யாணம் ஆன வருசம். மார்கழியில.”



“அந்தத் துண்ணூறு?”

“கோயில்ல வாங்குனதுதாங்க. பரீட்ச எழுதிட்டு, அப்புறமா போயி வாங்குனேன்.”

அவர் தலையாட்டினார். தன் கையெழுத்து இருந்த தாளை எடுத்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வி.ஏ.ஓ.வுக்கு வணக்கம் சொன்னார். எப்போதும் போல வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

மலர்க்கொடி வெளியே வந்தபோது இளமதி வண்டியின் பின்பக்கம், காலி நண்டுக் கூடைகளுக்கு நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மலர்க்கொடி இடப்பக்கம் போய்க் கதவுக்கு முன்னால் நின்றாள். கண்ணாடி வழியாக அவர் தெரிந்தார். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தன, கண் சாலையில் இருந்தது. வண்டி கிளம்பவும் இல்லை. பிடி இருந்த இடத்தில் துருப்பிடித்த இரண்டு ஓட்டைகள். அவள் அங்கே கையை வைத்துக்கொண்டு, அவர் சாய்வதற்காக வெயிலில் நின்றிருந்தாள்.