குளியலறைக்குள் வந்த சிமெண்டுப் பால்

மலைச்சரிவில் இருக்கிற வீட்டின் பின்சுவர் விரிசல் விட்டதிலிருந்து மாமாவுக்கு ஒரே பேச்சு. வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு தன் அண்ணன் வீட்டோடு போய்விடலாம் என்பார். அக்காளுக்கு அதைவிடச் சரிவில் உருண்டு போவதே மேல். அங்கே அண்ணன் பெண்டாட்டி, அவளுடைய ஓர்ப்படி, இருக்கிறாள். உப்பு எடுக்கக்கூட அவளிடம் உத்தரவு வாங்க வேண்டும்.

சரிகிற மண்ணில் கம்பி இறக்கி மலையைத் தைக்கிற வேலைதானே பார்க்கிறாய், இதையும் தைத்துக் கொடு என்று அக்காள் தம்பியைப் பிடித்துக்கொண்டாள். மாமாவோ தையற்காரர், அந்தப் பேச்சே அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு கோளாறு வந்தாலும் மறுநாள் மூட்டை கட்டிவிடுவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

தம்பி முதலாளியைக் கெஞ்சித் துளை போடுகிற மெஷினோடு வந்து இறங்கினான். வீட்டுக்குக் கீழே சரிவு முழுக்கப் பொலபொலவென்ற மண். துளை போட்டுக் கம்பியை உருவினால் துளை வாயை மூடிக்கொள்ளும். அதனால் உருவுகிற பேச்சே கிடையாது. நடுவில் ஓட்டை விட்ட கம்பி, நுனியில் மண்ணைக் குடைகிற பிட்டு. அது குடைந்துகொண்டு போகப் போக அதன் வயிற்று வழியே சிமெண்டுப் பாலும் போகும். கம்பி உள்ளேயே தங்கிவிடும், வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி. துளை வாயில் பால் திரும்பி வழிகிறவரை பம்பை நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான் சட்டம்.

முதல் வரிசை சொன்ன பேச்சைக் கேட்டது. இரண்டாம் வரிசையின் நடுக் கம்பியில் போன பால் போனதுதான். மூட்டை மூட்டையாகக் கரைத்தும் வாயில் ஒரு சொட்டு வரவில்லை. இந்த மலைக்கு என்ன பசியோ என்று பம்புக்காரர் முனகினார். தம்பி மிச்ச மூட்டைகளை எண்ணிப் பார்த்தான். இருந்தாலும் ஓட்டச் சொன்னான்.

மேலே மாமா வந்து நின்றார். தலை நிறையச் சோப்பு நுரை, இடுப்பில் துண்டு, முழங்கால் வரை சாம்பல் நிறம். குளித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் போகிற ஓட்டை வழியாகப் பால் பொங்கி வந்திருக்கிறது.

"என்னைச் சிலையா வார்க்கப் பாக்குறியா, மாப்ள?"

பம்பு நின்றது. அக்காள் தம்பியைப் பார்த்த பார்வையில் ஓர்ப்படியின் அடுப்படி முழுசும் தெரிந்தது.

பால் இறுகுமுன் தம்பி குளியலறைத் தரையை உடைத்துத் தோண்டினான். கீழே பைப்பு இணைப்பு விட்டுத் தொங்கியது. அதைச் சுற்றி மக்கிப்போன கோட்டுத் துணி, அதிலும் கச்சிதமான தையல். குளித்த தண்ணீரெல்லாம் வருஷக்கணக்கில் மண்ணுக்குள் இறங்கி, ஓர் ஆள் படுக்கிற பொந்தையே உண்டாக்கியிருந்தது. அதை ரொப்பிவிட்டுத்தான் பால் மேலே எட்டிப் பார்த்திருக்கிறது.

தன் கைத்தையல் தனக்குத் தெரியாதா? மாமா குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"உங்கக்காகிட்ட என்ன சொல்லப் போற?"

"மண்ணு சரியில்லைன்னு. நீங்க என்ன சொல்லப் போறீங்க மாமா?"

மாமா தலை நுரையை வழித்து உதறினார். "எங்கேயும் போகலைன்னு."

கதவோரம் நின்ற அக்காள் ஒன்றும் கேட்காதவள்போல வந்து, ஒரு வாளித் தண்ணீரை அப்படியே அவர் தலையில் கவிழ்த்தாள்.

புதுப் பைப்பு போட்டு, மிச்சக் கம்பிகளையும் இறக்கி, எல்லாம் இறுகினபின் ஜாக்கி வைத்து இழுத்துப் பார்த்தார்கள். நடுக் கம்பி அசையாமல் முறைத்துக்கொண்டு நின்றது. மாமா தானும் ஒருதரம் அதை ஆட்டிப் பார்த்துவிட்டு, அண்ணனுக்குப் போன் போட்டார். மண் ரொம்ப மோசமாகத்தான் இருந்தது, நாங்கள் பார்த்துச் சரி பண்ணிவிட்டோம் என்றார்.