தொண்ணூற்றேழு டிகிரி

பதினோராவது நிமிடம், சொல்லிவைத்தாற்போல, கணினி அணைந்தது. ராத்மிலா திட்டவில்லை. நோட்டை எடுத்து ‘97’ என்று எழுதிக் கோடு போட்டாள். நேற்றிலிருந்து அது ஒன்பதாவது கோடு.

திங்கள் நண்பகலுக்குள் அவள் சேர்க்கைக்காக ஒரு மூன்று நிமிட அனிமேஷன் படத்தை அடிலெய்டு கல்லூரிக்கு அனுப்பியாக வேண்டும். வீட்டிலிருந்தே படிக்கும் படிப்பு. இரண்டு தடவை கெடுவைக் கோட்டை விட்டாயிற்று. இதுவும் போனால் கல்லூரி அவளைச் சேர்த்துக்கொள்ளாது. வரைந்து வைத்ததை முழுப் படமாகத் தயாரிக்கக் கணினி பதினாறு மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். அதுவோ பதினோரு நிமிடத்தில் படுத்துவிடுகிறது. இன்று ஞாயிறு, மணி இரண்டு.

நாற்பத்தெட்டு வயதில், பாகம் பாகமாக வரவழைத்து, அவளே கட்டிய கணினி அது. பிராசஸர் அளவுக்கு மீறிச் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும், அது அவளுக்குத் தெரியும். ஏன் சூடாகிறது என்பதுதான் பிடிபடவில்லை. ஆஸ்திரேலியப் பாலைவன ஊரான கூபர் பீடியில் வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும், மலையைக் குடைந்த வீட்டுக்குள் வருஷம் முழுக்க இருபத்துமூன்று டிகிரிதான். இங்கே வெண்ணெய்கூட உருகாது.

அவள் கணவன் ஸ்தெவான் முப்பது வருஷமாக ஓப்பல் கல் தோண்டுகிறவன். அவனிடம் தீர்ப்பு தயாராக இருந்தது: பொண்டாட்டி எதையோ தப்பாக மாட்டிவிட்டாள். நாளைக் காலை லாரியில் அடிலெய்டு போகும் கோஸ்டாஸிடம் பெட்டியைக் கொடுத்து, ரிப்பேர் கடைக்கு அனுப்பவும் ஏற்பாடு செய்துவிட்டான். போனால் வர ஒரு வாரம்.

ராத்மிலா பெட்டியைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்து திருகாணிகளைக் கழற்றினாள். பிராசஸரின் மேல் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் சீராகப் பரவியிருந்தது. துடைத்துப் புதிதாகத் தடவினாள். டிஷ்யூ காகிதக் கீற்றைக் காட்டி விசிறிகளைச் சோதித்தாள். முன்னால் இருப்பது காற்றை இழுத்தது, பின்னால் இருப்பது வெளியே தள்ளியது. எல்லாம் ஒழுங்கு.

திரும்ப மாட்டியவள், திரும்பத் தூக்கிப் போகச் சோம்பல்பட்டு மேசையிலேயே ஓட்டிப் பார்த்தாள். பக்கத்தில் அடுப்பில் சீஸ் அடைத்த புரெக் அப்பம் வெந்துகொண்டிருந்தது. சமையலறை இருபத்தொன்பது டிகிரி. பதினோரு நிமிடம் தாண்டியது. இருபதும் தாண்டியது. கணினி எழுபத்தொன்றில் நின்றது.

புது பேஸ்ட் காப்பாற்றிவிட்டது என்று சுவரில் அதன் இடத்துக்கே கொண்டுபோனாள். தொண்ணூற்றேழு, அணைந்தது. மறுபடி மேசைக்கு, எழுபத்தொன்று. புழுக்கத்தில் சமர்த்தாக இருக்கிறது, குளிர்ச்சியில் கொதிக்கிறது. பயம் மறந்து அவளுக்குக் குஷி பிறந்தது.

அந்த ஊரில் யாரும் அலமாரி வாங்குவதில்லை. வீட்டுக்குப் புதிதாக ஒரு சாமான் வந்தால் சுவரை வெட்டி இடம் செய்வார்கள். கணினிக்கும் ஸ்தெவான் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து மாடம் வெட்டித் தந்தான். பெட்டிக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாது என்று கிளப்பில் பீற்றிக்கொண்டான். உண்மைதான், நுழையவில்லை.

பெட்டியை மாடத்தில் வைத்து ஓட்டினாள். வயர் போகும் ஓட்டை வழியாகப் பின்னால் கையை விட்டாள். விசிறி தள்ளிய சூடு போக வழியில்லாமல், கல்லில் முட்டி, பக்கவாட்டில் கசிந்து, முன்னால் வந்து மறுபடி உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

சிரிப்புக்கு ஸ்தெவான் எட்டிப் பார்த்தான்.

“பொட்டிய கட்டி வச்சுட்டியா? கோஸ்டாஸ் ஆறு மணிக்கெல்லாம் வந்துருவான்.”

“இங்க கைய விடு.”

“எதுக்கு?”

“விடு, கடிக்காது.”

விட்டான். வெடுக்கென்று எடுத்தான்.

“எத்தன வீடு தோண்டியிருக்க?”

“பதினொண்ணு.”

“எல்லா ரூமுக்கும் மலை உச்சி வரைக்கும் காத்துக்குழாய் போட்ட. இதுக்கு மட்டும் ஏன் போடல?”

காற்றுக்குழாய் வைக்காதவன் தோண்டுகிறவனே இல்லை என்று ஊரெல்லாம் ஏசுகிறவன் ஸ்தெவான். அவன் முகம் தொங்கிப்போனது. சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவளுக்கே பாவமாகிவிட்டது.

“உனக்கு அழகா இருக்கணும்னுதான் இறுக்கமா வெட்டுனேன்” என்றான்.

“அழகாத்தான் இருக்கு. அதுக்குத்தான் மூச்சு முட்டுது.”

துளைக் கருவியைத் தூக்கிவரப் போனவனை, கல்தூசி பறந்தால் உள்ளதும் போய்விடும் என்று அவள் தடுத்தாள். ஐந்தரைக்கு மேசையில் ஓட்டம் தொடங்கியது. புரெக்கை நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். ஸ்தெவான் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், எழுபத்திரண்டு, எழுபத்தொன்று என்று அறிவித்துக்கொண்டிருந்தான்.

காலை ஆறுக்கு லாரி ஹாரன் கேட்டபோது எழுபத்தெட்டு சதவீதம் முடிந்திருந்தது. ஸ்தெவான் வாசலுக்குப் போனான். கெட்டுப்போன டப்பா எங்கே என்று கோஸ்டாஸ் கேட்பது உள்ளே கேட்டது. ராத்மிலா தட்டச்சுப் பலகை மேல் கையை வைத்தபடி காதைத் தீட்டிக்கொண்டாள். சுவர் கோணினால் மலை கோணல் என்று சாதிக்கிற மனுஷன் ஸ்தெவான்.

“டப்பா கெடலடா. அவ கட்டுனதுல ஒரு கொறையும் இல்ல. நான் தோண்டுனதுதான் தப்பு.”

கோஸ்டாஸ் இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். லாரியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னான் ஸ்தெவான்.

ஒன்பதரைக்குப் படம் முடிந்தது, உடனே அனுப்பினாள். பத்துக்குக் கல்லூரியிலிருந்து ‘கிடைத்தது’ என்று பதில் வந்தது. அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் ராத்மிலாவுக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்தெவான் பதறி, எத்தனை டிகிரி என்று கேட்டான்.